செவ்வாய்க்கிழமை கொள்ளாத பலகை

சாயங்காலம் ஆறே முக்கால்தான். பேய்க்கு நடுராத்திரி பன்னிரண்டு அடித்தால்தான் வேலை நேரம் ஆரம்பம் என்று யார் சொன்னது? டிசம்பர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்குள் கன்னங்கரேலென்று இருட்டிவிட்டது. ஊருக்கு வெளியே புறவழிச்சாலை. ஒரு பக்கம் வரிசையாகக் கிடங்குகள். மறு பக்கம் கம்பிவேலி போட்ட வெற்று நிலம். கடை கிடையாது, வீடு கிடையாது. லாரி ஒன்று போனால் மண்ணை வாரியடித்துக்கொண்டு ஒரு காற்று... அது அடங்கினால் ஒன்றுமே இல்லை.

அந்தச் சாலையில் ஒரு பஸ் ஸ்டாப். தகரக் கூரை, ஒரு சிமென்ட் பெஞ்சு, மேலே தேதியும் நேரமும் காட்டும் மின்பலகை. அதன் கீழே ஒரு பெண் தனியாக நின்றுகொண்டிருந்தாள். தோளில் லேப்டாப் பை.

நம் சிநேகிதன் ஒல்லியை உங்களுக்குத் தெரியும். அவனுடைய பெரியப்பா மகள் அவள். அவளை 'அக்கா' என்றுதான் ஒல்லி கூப்பிடுவான், நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன். யாராவது அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு வாருங்கள். குளிருக்காகத்தான், வேறொன்றுமில்லை.

அக்காவுக்கு இந்த மாதிரி பலகைகளைச் செய்கிற கம்பெனியில் ப்ரோக்ராம் எழுதும் வேலை. அவள் கணவருக்கும் அதே கம்பெனி, அடுத்த மேஜை. பலகையில் தேதியும் நேரமும் ஓடுகிற பகுதி முழுக்க அவர் எழுதியது. இந்த ஸ்டாப்பில் இருந்ததுதான் முதன்முதலில் மாட்டிய சோதனைப் பலகை. அதைப் பார்க்க அவர் அடிக்கடி இங்கே வருவார். ஆகஸ்ட் மாதம் அப்படி வந்த ஒரு நாள், இதே இடத்தில் சாலையைக் குறுக்கே கடக்கும்போது லாரி அடித்துவிட்டது. அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. பிரேக் போட்ட சத்தம்கூடக் கேட்கவில்லை என்றார்கள்.

அப்புறம் செப்டம்பரிலிருந்து புகார் வர ஆரம்பித்தது. செவ்வாய்க்கிழமை ஆனால் எல்லா ஸ்டாப்பிலும் தேதி கண்டபடி வருகிறது என்று. மேனேஜர் மூன்று மாதம் இழுத்தடித்துவிட்டுக் கடைசியில் அக்காவைக் கூப்பிட்டார்.

"நீங்களே போய் என்னன்னு பாருங்க. உங்க வீட்டுக்காரர் எழுதினதுதானே?"

"சார், அவர் எழுதினப்போ இடம் பத்தாதுன்னு உங்ககிட்ட சொன்னாரே. நீங்கதான் மெமரியைக் குறைக்கச் சொன்னீங்க."

"அப்படியா? எனக்கு ஞாபகம் இல்லையே."

செத்தவன் தலையில் எதை வேண்டுமானாலும் கட்டலாம். திருப்பிப் பேச மாட்டான். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவர் போன பிறகு அந்தச் சாலைக்கு அவள் வருவது அதுதான் முதல் தடவை.

பலகையிலிருந்து 'ங்ங்ங்' என்று மெல்லிய ரீங்காரம். தூசி சூடாகிக் கருகுகிற வாடை. அண்ணாந்து பார்த்தாள்.

வருகிற வழியெல்லாம் மற்ற ஸ்டாப்புகளில் கட்டம் கட்டமாக, பாதிப் பாதி எழுத்தாக ஏதோ குப்பை ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தாள். இங்கே குப்பை இல்லை. அச்சடித்த மாதிரி தெளிவாக ஒரு தேதி.

திங்கட்கிழமை, ஆகஸ்ட் 10, மாலை 7:02.

அவர் செத்த நாள். செத்த நேரம்.

அக்கா பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தால்... பலகை மாறியிருந்தது. வியாழக்கிழமை, மார்ச் 19, மாலை 6:40. கொஞ்ச நேரம் கழித்து, புதன்கிழமை, ஏப்ரல் 22. அப்புறம் வெள்ளிக்கிழமை, மே 8. ஒவ்வொன்றும் நிதானமாக வந்தது, நின்றது, போனது. யாரோ ஒருவர் யோசித்து யோசித்துச் சொல்கிற மாதிரி. அந்த முதல் தேதியைத் தவிர எல்லாமே ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவில், அந்திநேரம்.

பஸ் வந்து ஹாரன் அடித்த பிறகுதான் அவளுக்குச் சுயநினைவு வந்தது.

மறுநாள் ஆபீசில் அவர் எழுதியதைத் திறந்து பார்த்தாள். சி மொழியில் எழுதிய ப்ரோக்ராம். இதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், பயப்படாதீர்கள், எனக்கே ஒல்லி சொல்லித்தான் தெரியும். ஆங்கில எழுத்துக்குச் சின்னக் குழி போதும். நம் எழுத்துக்கு அகலமான குழி வேண்டும். அதைத்தான் வைட் கேரக்டர் என்கிறார்கள். இந்த அகலக் குழிகளை வரிசையாக ஒதுக்கிக் கொடுத்து, 'கிழமை, மாதம், தேதி, மணி எல்லாவற்றையும் கோத்து இதில் போடு' என்று சொன்னால் போடுவதற்கு ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. பெயர் வாயில் நுழையாது... டபிள்யூ சி எஸ் எஃப் டைம்.

அதற்கு எத்தனை குழி என்று நாம் சொல்ல வேண்டும். மேனேஜர் விரல்விட்டு எண்ணியிருக்கிறார். 'செவ்வாய்க்கிழமை', எட்டு எழுத்து. ஆனால் மெஷின் அப்படி எண்ணாது. கொம்பைத் தனியாக எண்ணும், காலைத் தனியாக எண்ணும், மேலே வைக்கிற புள்ளியைத் தனியாக எண்ணும். பதினைந்து வந்துவிடும். அதோடு செப்டம்பர், டிசம்பர், பிப்ரவரி மாதிரி நீளப் பெயர் ஒன்று சேர்ந்தால் ஒதுக்கிய இடம் கொள்ளாது. ஞாயிற்றுக்கிழமையும் அதே நீளம்தான், ஆனால் அன்றைக்கு அந்தத் தடத்தில் பஸ் கிடையாது, பலகையை அணைத்துவிடுவார்கள்.

கொள்ளவில்லை என்றால் அந்த ஃபங்ஷன் பூஜ்ஜியம் என்று ஒரே பதில் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதன் பிறகு அந்தக் குழிகளுக்குள் என்ன கிடக்கும் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. பழைய மிச்சம் இருக்கலாம், பாதி எழுத்து இருக்கலாம், என்னவும் இருக்கலாம். ப்ரோக்ராம் அந்தப் பூஜ்ஜியத்தைக் கவனிக்காமல், கிடந்ததை அப்படியே பலகையில் காட்டிக்கொண்டிருந்தது.

சரி, பழைய மிச்சம்தான் போலிருக்கிறது, எப்போதோ காட்டிய தேதிகள் எங்கேயோ ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன, என்று அக்கா தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் குழிகளைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு எழுதுகிற மாதிரி மாற்றினாள். மேஜையில் வைத்துச் சோதித்தாள். செவ்வாய்க்கிழமை என்றதும் பலகை வெறுமையாக இருந்தது. அடுத்த செவ்வாய் அதைக் கொண்டுபோய் ஸ்டாப்பில் ஏற்றினாள்.

மற்ற ஸ்டாப்பெல்லாம் வெறுமை. இங்கே மட்டும்... வியாழக்கிழமை, மார்ச் 19, மாலை 6:40.

துடைத்த பாத்திரத்தில் சோறு இருக்கிற மாதிரி. எங்கிருந்து வந்தது?

அன்றைக்கு ராத்திரி ஒல்லிக்குப் போன் போட்டாள். அவள் குரலில் சந்தோஷம். அதுதான் தன்னைப் பயமுறுத்தியது என்று ஒல்லி சொல்வான்.

"டேய், அத்தான் பேசறார்டா."

"என்னக்கா சொல்றே?"

"அவருக்கு வேற வார்த்தை கிடையாதுடா. தேதியும் நேரமும் மட்டும்தான் சொல்ல முடியும். அதை வெச்சுத்தான் சொல்றார். ஏப்ரல் இருபத்திரண்டு என்ன நாள் தெரியுமா? எனக்குக் காய்ச்சல் வந்தது பாரு, அன்னைக்கு. மாத்திரைக்குக் கடை கடையா அலைஞ்சேன்னு லேட்டா வந்தார். அதைச் சொல்றார்டா."

"மார்ச் பத்தொன்பது?"

"அதான் ஞாபகம் வரலை. யோசிக்கறேன். இந்த ஸ்டாப்புல பஸ்ஸுக்கு நின்னு என்னை நினைச்சிருப்பார், வேறென்ன?"

மேனேஜரிடம் 'சரி பண்ணிட்டேன் சார்' என்று சொல்லிவிட்டாள். மற்ற ஸ்டாப்புகள் வெறுமையாக இருந்ததே போதும் என்று அவரும் விட்டுவிட்டார். டிசம்பர் முடிகிற வரை ஒவ்வொரு செவ்வாயும் அவள் அங்கே போனாள். தலை வாரி, நல்லதாகப் பார்த்து உடுத்திக்கொண்டு போனாள் என்கிறான் ஒல்லி. பெஞ்சில் உட்கார்ந்து, தேதிகள் ஒவ்வொன்றாக வருவதைப் பார்ப்பாள். பார்த்துப் பார்த்து எல்லாம் மனப்பாடம். ஒவ்வொரு தேதிக்கும் ஏதாவது ஒரு நல்ல ஞாபகத்தை இழுத்துப்பிடித்து ஒட்டிவிடுவாள். ஒட்டாததை யோசித்துக்கொண்டே தூங்குவாள்.

ஜனவரி வந்தது. சின்னப் பெயர். செவ்வாய்க்கிழமையோடு சேர்ந்தாலும் குழிகளில் அடங்கிவிட்டது. பலகை பாட்டுக்கு அன்றைய தேதியைச் சரியாகக் காட்டியது. அந்த மாதம் முழுக்க அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. எப்போதடா பிப்ரவரி வரும் என்று கிடந்தாள்.

பிப்ரவரி முதல் செவ்வாய். ஓட்டமும் நடையுமாக ஸ்டாப்புக்கு வந்தால்... பெஞ்சில் ஏற்கெனவே ஒரு பெண்.

அக்கா வயதுதான் இருக்கும். எதிரே இருக்கிற ஐஸ் கிடங்கில் வேலை. தடித்த நீலக் கோட்டு, கோட்டுப் பையில் கையுறை. அண்ணாந்து பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னம் நனைந்திருந்தது. பலகையில் ஏப்ரல் 22.

அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தக் கோட்டிலிருந்து ஒரு வாடை வந்தது. அமோனியா கலந்த, மூக்கைச் சுருக்கென்று குத்துகிற குளிர்ந்த வாடை. அந்த வாடையை அக்காவுக்குத் தெரியும். துவைக்கப் போடுகிற சட்டைகளில் மாதக்கணக்காக முகர்ந்திருக்கிறாள். 'ஃபேக்டரி பக்கம் போனா இப்படித்தான்' என்று அவர் சொல்வார்.

"உங்களுக்கும் தெரியுதா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"எது?"

"இந்தத் தேதிங்க. செப்டம்பர்லயே பார்த்தேன், நடுவுல ஷிப்ட் மாறி இப்பத்தான் மறுபடி வர முடிஞ்சுது. கூட வேலை செய்யறவங்ககிட்ட சொன்னேன், கண் டாக்டர்கிட்ட போன்னுட்டாங்க." சிரித்தாள். சிரிக்கும்போதே அழுதாள். "எனக்காக வர்றதுங்க. ஏப்ரல் இருபத்திரண்டு என் பொறந்த நாள். இந்தப் பெஞ்சுலதான் கேக் வெட்டினோம். மார்ச் பத்தொன்பது முதல்ல பேசின நாள். பலகை ரிப்பேர் பார்க்க வந்தார். மழை. என்கிட்ட குடை இருந்துச்சு."

பலகை ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது.

"என்னைப் பார்க்க ரோட்டைத் தாண்டி வந்தப்போதான்... நான் கிடங்கு கேட்டுல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."

வீட்டுக்கு வருகிற பஸ் இந்தப் பக்கம் நிற்கும். அவர் ஏன் அந்தப் பக்கம் போனார் என்று அக்கா ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

"அவருக்குக் குடும்பம் இல்லையா?" என்று கேட்டாள். தன் குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்ததாம்.

"வீட்ல ஒருத்தங்க இருந்தாங்க. அவங்களைப் பத்தித் தப்பா ஒரு வார்த்தை பேச மாட்டார். பாவம், பாவம்னுதான் சொல்வார்."

ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பாவம் என்றாராம்.

பஸ் வந்தது. அக்கா ஏறிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போகாமல் நேராக ஆபீசுக்குப் போனாள். அவர் எழுதியதைத் திறந்தாள். குழிகளின் எண்ணிக்கை இருந்த இடத்தைக் கண்டுபிடித்து, அழித்து, பெரிய எண்ணாகப் போட்டாள். அவ்வளவுதான் வேலை. நல்ல எண்ணம் இருந்திருந்தால் டிசம்பரிலேயே செய்திருக்கலாம். இனி எந்தக் கிழமையோடு எந்த மாதம் சேர்ந்தாலும் கொள்ளும். பூஜ்ஜியத்துக்கு வழியே இல்லை. அவர் பேசுவதற்கு இண்டு இடுக்கு இல்லை. வாயை இறுக்கிக் கட்டின மாதிரி.

மற்ற ஸ்டாப்புகளை ஆபீஸ் ஆட்களை விட்டுச் செய்யச் சொன்னாள். இந்த ஒன்றை மட்டும் தானே செய்தாள். அதுவும் அடுத்த செவ்வாய் வரை பொறுத்திருந்து, அந்தப் பெண் வந்து உட்கார்ந்த பிறகு.

கம்பத்தில் இருக்கிற பெட்டியைத் திறந்து அக்கா லேப்டாப்பைச் செருகியதும் அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து ஓடிவந்தாள்.

"நீங்க பலகைக் கம்பெனியா? ஐயோ, அதை ஒண்ணும் பண்ணிடாதீங்க. உங்களைக் கும்புடறேங்க. எனக்குன்னு வேற ஒண்ணுமே இல்லை. ஒரு போட்டோகூட இல்லை. சாவுக்குப் போய் நிக்கக்கூட என்னால முடியலை."

"என்னால முடிஞ்சுது. நான் நின்னேன்."

அந்தப் பெண்ணின் கை அந்தரத்தில் அப்படியே நின்றது.

"அவர் சொன்ன அந்தப் பாவம் நான்தான்" என்று சொல்லிவிட்டு அக்கா பட்டனைத் தட்டினாள்.

பலகை அணைந்தது. ரீங்காரம் நின்றது. கருகின தூசி வாடை குப்பென்று வந்தது. அப்புறம் மினுக் மினுக்கென்று எழுத்துகள் வந்து உட்கார்ந்தன. செவ்வாய்க்கிழமை, பிப்ரவரி 9, மாலை 6:52. கொம்பு, கால், புள்ளி எதுவும் குறையவில்லை.

அந்தப் பெண் கத்தவில்லை, சண்டைக்கு வரவில்லை. மெதுவாகக் கேட்டாள். "இனிமே வரவே வராதா?"

"வராது. நிறைய இடம் விட்டிருக்கேன். எந்தத் தேதியா இருந்தாலும் கொள்ளும்."

"எந்தத் தேதியா இருந்தாலுமா?" என்று திரும்பக் கேட்டாளாம் அவள். அக்காவிடம் இல்லை. பலகையைப் பார்த்து.

அதற்குப் பிறகு இரண்டு செவ்வாய் போனது. புகார் இல்லை. அக்கா அவருடைய சட்டைகளையெல்லாம் மூட்டை கட்டி வெளியே போட்டாள். மனசு ஆறவில்லை. ஆனால் தூக்கம் வந்தது.

மார்ச் இரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை. மத்தியானம் மேனேஜர் கூப்பிட்டார்.

"அந்தக் கிடங்கு ஸ்டாப் மட்டும் மறுபடி தகராறு. மாசம் மாறாம பிப்ரவரியிலேயே நிக்குதாம். சின்னக் கோளாறுதான், போய்ப் பார்த்துட்டு வந்துடுங்க."

அக்கா தனியாகப் போக மாட்டேன் என்று ஒல்லியைக் கூட்டிக்கொண்டாள். அதனால்தான் இந்தக் கதை எனக்குத் தெரியும். பைக்கில் போனார்கள். வழியில் ஒவ்வொரு ஸ்டாப்பாக ஒல்லி பார்த்துக்கொண்டே வந்தான். எல்லாவற்றிலும் மார்ச் 2. வெளிச்சம் மங்குகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

பலகை எரிந்துகொண்டிருந்தது. பெஞ்சில் யாரும் இல்லை.

செவ்வாய்க்கிழமை, பிப்ரவரி 30, மாலை 6:40.

ஒல்லி முதலில் சிரித்துவிட்டான். "என்னக்கா, முப்பதாம் தேதியெல்லாம் போடுது!"

அக்கா சிரிக்கவில்லை. அவளுக்குத் தெரியும்... அந்த ஃபங்ஷன் நாள் நிஜமா பொய்யா என்று பார்க்காது. முப்பது என்று யாராவது கொடுத்தால் முப்பது என்று எழுதிவிடும். ஆனால் யார் கொடுத்தது? லேப்டாப்பைச் செருகினாள். உள்ளே கடிகாரம் மார்ச் 2 என்றது. ப்ரோக்ராம் பலகைக்கு அனுப்பிய வரியும் மார்ச் 2 என்றே இருந்தது. அண்ணாந்தால் பிப்ரவரி 30.

எதிரே கிடங்கு வாசலில் இருந்த காவலாளி இவர்களைப் பார்த்துவிட்டு வந்தார்.

"போர்டு ரிப்பேருக்கு வந்தீங்களா? அந்தப் பெஞ்சுல எப்பவும் உட்கார்ந்திருக்குமே ஒரு பொண்ணு, அதை எங்கயாவது பார்த்தீங்களா?"

"ஏன்?" என்று கேட்டான் ஒல்லி.

"சனிக்கிழமை ஷிப்ட் முடிச்சுட்டு இங்க வந்து உட்கார்ந்துச்சு. நான் பார்த்தேன். பஸ் வந்துச்சு, ஏறலை. கேட்டைப் பூட்டிட்டுத் திரும்பிப் பார்த்தா ஆளைக் காணோம். வீட்டுக்கும் போகலையாம். பை, டிபன் பாக்ஸ், கோட்டு எல்லாம் பெஞ்சு மேலயே மடிச்சு வெச்சிருந்துச்சு. இந்தக் குளிர்ல கோட்டைக் கழட்டி வெச்சுட்டு யாருங்க போவாங்க?"

அக்கா அந்தப் பெஞ்சைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். சனிக்கிழமை இருபத்தேழு. ஞாயிறு இருபத்தெட்டோடு மாதம் முடிந்து எல்லாரும் மார்ச்சுக்குப் போய்விட்டார்கள். இரண்டு பேரைத் தவிர. அவர்களுக்கு மட்டும் ஒரு செவ்வாய்க்கிழமை. யார் காலண்டரிலும் இல்லாதது, எந்தப் பெண்டாட்டியும் பின்தொடர்ந்து வர முடியாதது. அதற்கு இடம் ஒதுக்கிக் கொடுத்ததே அக்காதான், தன் கையால்.

"அதை அணைடா" என்றாள்.

ஒல்லி பெட்டிக்குள் கையை விட்டு சுவிட்சை அணைத்தான். பலகை அணையவில்லை. வயரையே பிடுங்கினான். ரீங்காரம் நின்றது. எழுத்துகள் மட்டும் நின்றுகொண்டிருந்தன, குளிர்ந்த வெளிச்சமாக.

அக்கா சத்தம் போட்டு அழுதாள் என்கிறான். அவர் செத்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லையாம்.

"அந்தத் தேதிக்கு நான் எப்படிடா போறது? எந்த வழியா போறது?"

அவளை அணைத்துப் பிடித்து பைக்கில் உட்கார வைக்கப் பெரும்பாடு பட்டான். மறுநாளே அவள் வேலையை விட்டுவிட்டாள். இப்போது வேறு எங்கேயோ, தேதியும் நேரமும் தேவையில்லாத ஏதோ ஒரு வேலையில் இருக்கிறாள். கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்தபோது பலகை செத்துக் கிடந்ததாம். கழற்றி எடுத்துப்போய்விட்டார்கள். அந்தப் பெண் இன்றுவரை கிடைக்கவில்லை.

மின்சாரம் போன பிறகும் கொஞ்ச நேரம் எழுத்து தங்கியிருக்கும், நின்றுபோன பலகை அது, அவ்வளவுதான் என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். ஒல்லியும் 'ஆமாக்கா' என்றுதான் சொல்லி வைத்திருக்கிறான். அவளை பைக் பக்கம் திருப்பிக் கூட்டிக்கொண்டு போகும்போது அவன் மட்டும் ஒரு தடவை அண்ணாந்து பார்த்ததை அவளிடம் சொல்லவில்லை. பிடுங்கிய வயர் அப்போது அவன் காலடியில் கிடந்தது. பலகையில் ஆறு நாற்பது...

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆறு நாற்பத்தொன்று ஆனது.